சங்கரலிங்கம் பிள்ளை என்னைக் கொல்லவில்லை

சென்ற திங்கட்கிழமை தென்காசி கோர்ட்டில் ஒரு வழக்குக்கு வாய்தா கேட்டுக்கொண்டு நின்றபோது என் குமாஸ்தா பின்னால் வந்து, "அய்யா, மேலகரம் பிள்ளைவாள் காலையில தவறிட்டாவளாம்" என்றார். வாய்தா கிடைத்ததா இல்லையா என்றுகூட எனக்கு நினைவில்லை. நேரே மேலகரத்துக்கு வண்டி பிடித்தேன்.

சங்கரலிங்கம் பிள்ளையவர்களைப் பத்திரம் எழுதுகிறவராக ஊர் அறியும். மாதம் ஒரு துப்பறியும் நாவல் எழுதிச் சென்னைக்கு அனுப்பி வந்தவரும் அவரே. பகலில் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் கிரயம், ஒத்தி, பாகப்பிரிவினை. மற்ற நேரத்தில் கொலை. பத்திரம் தைக்கிற பழக்கமோ என்னவோ, கையெழுத்துப் பிரதியில் கடைசி அத்தியாயத்தை மட்டும் சிவப்பு நூலால் சுற்றிலும் தைத்து மூடிவிடுவார். "முடிவ மொதல்ல பாக்கவனுக்குக் கத எதுக்கு?" என்பார்.

பத்து வருஷங்களுக்கு முன் எங்கள் தமிழ்ச் சபை, சாரல் காலத்தில் குற்றாலத்தில் நடத்தும் விழாவில் சிறந்த நாவலுக்குப் பொற்பதக்கம் தருவதாக அறிவித்தது. மூன்று நடுவர்களில் நானும் ஒருவன். பிள்ளையவர்களின் நாவலைப் படித்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. இரண்டாம் அத்தியாயத்தில் பிணம் விழுந்ததும் மூடிவைத்தேன். இலக்கியத் தகுதி இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதோடு விட்டேனா? மேடையேறி, "கொலைக்குக் கோர்ட்டில் தண்டனைதான் உண்டு, பதக்கம் கிடையாது" என்றேன். கொட்டகையே சிரித்தது. சலவை வேட்டியும் புது அங்கவஸ்திரமுமாக மூன்றாம் வரிசையில் இருந்த பிள்ளையவர்களும் சிரித்தார்.

விழா முடிந்து பிரதியைத் திருப்பிக் கொடுத்தேன். கடைசி அத்தியாயத்தின் தையலை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. "நல்லாப் பேசுனிய, வக்கீலய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு, பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

பிறகு வந்த நாவல்களில் எங்கள் சபையார் ஒவ்வொருவராகச் செத்தார்கள். பொடி போடும் தலைவர் தேனருவியில் விழுந்தார். பதக்கம் வாங்கிய புலவரைப் பண்பொழி மலைப்படியிலிருந்து யாரோ தள்ளிவிட்டார்கள். பெயர்தான் வேறு, ஆள் யாரென்று ஊரே கண்டுபிடித்துச் சிரித்தது. என் முறை எப்போது என்று மாதாமாதம் புரட்டுவேன். வரவேயில்லை. கொன்றிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

போன சாரலில் பேரருவிப் பக்கம் இருவரும் உடம்பெல்லாம் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தோம். "எல்லாரையும் கொன்னீரு, என்னைய மட்டும் ஏன் விட்டு வச்சீரு?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஒங்களக் கொன்னுட்டா அந்தக் கத முடிஞ்சி போகும்லா. நீங்களே வந்து ஒரு வார்த்த சொல்லுவியன்னு பாத்தேன்" என்றார்.

சொல்லியிருக்கலாம். பக்கத்தில் யாரும்கூட இல்லை. "அருவியில கூட்டம் கொறஞ்சிட்டு, வாரும் குளிப்போம்" என்று எழுந்துவிட்டேன். வாதாடிப் பிழைக்கிற வாய்க்கு அன்று வந்தது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை என்னைக் கண்டதும் அவர் மனைவி அழுகையை அடக்கிக்கொண்டு பேசினார். "பதக்கம் கெடைக்கலன்னு நான் ஒங்கள ஏசுவேன் அய்யா. அவிய விட மாட்டாவ. 'வக்கீலய்யா முழுசாப் படிச்சிட்டுத்தான் வேண்டாம்னாவ, நீ ஒண்ணும் சொல்லாத'ம்பாவ."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சிற்றாற்றங்கரையில் சாரல் தூறிக்கொண்டிருந்ததால் விறகு பற்ற வெகுநேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் பக்கத்திலேயே நின்றேன், அங்கேயும் சொல்லவில்லை.

இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சபை என்னை அழைத்திருக்கிறது. அதற்கு முன் இதை அச்சில் வைக்கிறேன். அம்மா, உங்கள் கணவர் மற்றக் கதைகளையெல்லாம் ஊருக்காக எழுதினார். உங்களிடம் சொன்ன அந்த ஒன்றை மட்டும் என் மானத்தைக் காப்பாற்றக் கட்டினார். அவருடைய நாவலை நான் படிக்கவில்லை.

பிள்ளைவாள், மன்னித்துக்கொள்ளும். போய் வாரும்.