இறக்கையில் நான்கு குழல்

எங்கள் கிங்ஸ்பரி வீட்டுக் கராஜில் சித்தப்பா ஒரு சண்டை விமானம் கட்டினார். சொன்னால் யார் நம்புவார்கள்? என் வகுப்பில் ஒரு பிள்ளையும் நம்பவில்லை. உலகப் போர்க்காலத்து விமானம்தான், அசலில் முக்கால் அளவு. ஓர் ஆள் ஏறி மெய்யாகவே பறக்கலாம். பாகங்கள் பெட்டி பெட்டியாக வரும், பூட்டுவது வாங்கியவர் பாடு. ஐந்து வருடம் வேலையால் வந்து வந்து ஒட்டினார், உரசினார், ஆணி அறைந்தார். அப்பாவின் கார், பாவம், அவ்வளவு காலமும் மழையில் நின்றது.

அம்மாவுக்கு அதைக் கண்ணில் காட்டக் கூடாது. ஊரில் வெங்காயத் தோட்டத்தில் நின்ற அவருடைய தம்பியை விமானத்திலிருந்து சுட்டுக் கொன்றார்கள். அந்த மாமாவும் சித்தப்பாவும் ஒரே வகுப்பு; கொப்பி நிறைய விமானம் கீறி இருவரும் அடி வாங்கியவர்களாம். மாமாவின் படம் எங்கள் ஹோலில் மாலையோடு தொங்கியது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததோடு சரி.

"துவக்கு வைக்கமாட்டன் அண்ணி, சத்தியமா. இது அவன் ஆசைப்பட்ட பிளேன்" என்று சித்தப்பா எத்தனையோ தரம் கெஞ்சினார். கடைசியில், இறக்கை பூட்டும் நாளில் வந்து பொட்டு வைக்க அம்மா சம்மதித்தார். "ஓம், வாறன்" என்றார், அவ்வளவுதான். சந்தோஷத்தில் சித்தப்பாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பெட்டியில் நான்கு பொய்த் துவக்குக் குழல்களும் வந்திருந்தன, சுட முடியாத வெறும் பிளாஸ்டிக். சித்தப்பா அவற்றை ஒரு மூலையில் போட்டுவிட்டு, இறக்கையில் இருந்த ஓட்டைகளைச் சிவப்புத் துணியால் ஒட்டி மூடிவிட்டார். எனக்கு ஒன்பது வயது. துவக்கில்லாத சண்டை விமானத்தை வகுப்பில் எந்த முகத்தோடு காட்டுவது?

அந்த நாளும் வந்தது. பக்கத்து வீட்டு வேலியில் இரண்டு பலகை கழற்றித்தான் பின்வளவில் இறக்கைகளைப் பூட்ட முடிந்தது. சித்தப்பா குளிக்கப் போன நேரம் துணிகளைக் கிழித்து நான்கு குழலையும் செருகினேன். அடேயப்பா, என்ன வடிவு!

அம்மா பட்டுச்சேலை உடுத்தி, குங்குமமும் சில்லுக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழமும் தட்டில் ஏந்தி வந்தார். விமானத்தின் மூக்கில் பொட்டு வைக்கப் போன கை பாதியில் நின்றது.

"ஆர் இதை வைச்சது?"

குரல் மிகவும் தணிந்திருந்தது. வியந்து கேட்கிறார் என்று நினைத்து வாயைத் திறந்தேன். ஈரத் தலையோடு வந்து நின்ற சித்தப்பா ஒருதரம் என்னைப் பார்த்தார்.

"நான்தான் அண்ணி" என்றார்.

அம்மா தட்டைப் புல்லில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த மாதமே சித்தப்பா விமானத்தை விற்றார். நகரத்தின் மறுகோடியில் பார்க்கிங் என்ற இடத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனார். அம்மா இன்றுவரை அவரோடு கதைப்பதில்லை. இதை எழுதும்வரை நானும் வாய் திறக்கவில்லை, வெட்கக்கேடு.

அன்று மட்டும் தேம்பித் தேம்பி அழுதேன். அவ்வளவு வடிவாக நான் செய்த வேலையைச் சித்தப்பா தான் செய்ததாகச் சொல்லிவிட்டாரே என்று.