பெந்தாவின் கறுத்த ஈறு

காந்தல் சோற்றுக்காகக் காலமெல்லாம் என்னோடு மல்லுக்கு நின்ற பெந்தா அக்கா, ஒரு வெள்ளிக்கிழமை அதை என் பக்கம் தள்ளிவிட்டாள். ஒரே தாம்பாளத்தில் கைவைத்துச் சாப்பிடும் சக்களத்திகள் நாங்கள். மீன் துண்டையாவது விட்டுக்கொடுப்பாள், சட்டியடியில் முறுகிய சோற்றை விடமாட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

"பல்லு வலிக்குதாக்கா?"

"எனக்கா? உன்னை மாதிரி அரைவாய்க்காரியா நான்?"

இந்தக் குத்தல் எங்கள் கல்யாணத்தைவிடப் பழையது. எங்கள் ஊரான காவ்லாக்கில் அந்தக் காலத்துப் பெண்களுக்கு ஈறில் கரியைத் தடவிப் பச்சை குத்துவார்கள். கறுத்த ஈறில் பல் பளிச்சென்று தெரியும். ஊசி இறங்கும்போது முனகக்கூடாது, முனகினால் குடும்பத்துக்கே கேவலம். ஒரே தெருக்காரிகள் என்பதால் எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் குத்தினார்கள். பெந்தா கல்லாக உட்கார்ந்திருந்தாள். நான் மேல் ஈறு முடிந்ததும் ஊளையிட்டுக்கொண்டு ஓடிவிட்டேன். என் கீழ் ஈறு இன்றும் சிவப்புதான்.

அவளை இழுத்துக்கொண்டு பல் டாக்டரம்மாவிடம் போனேன். கம்பியால் தொட்டதுமே ரத்தம் வந்தது. நாலு பல் ஆடியது.

"ஈறு கறுப்பா இருக்கறதால வீங்கிச் சிவந்தது வெளிய தெரியலைம்மா," என்றார் டாக்டரம்மா. "ஈறைக் கீறி வேர்வரைக்கும் சுத்தம் பண்ணலாம். பல மாசம் வரணும், செலவும் அதிகம். இல்லேன்னா ஆடறதைப் பிடுங்கிட்டு, பல்செட்டு வெச்சுக்கலாம். உங்களுக்கு எழுபது வயசு. தொந்தரவு இருந்தா செலவு பண்றது நியாயம். வலிக்குதா? மெல்ல முடியுதா?"

"ஒரு வலியும் இல்லை. கல்லைக் குடு, கடிக்கிறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அயலார் முன்னால் அவளைப் பொய்க்காரி ஆக்க எனக்கு மனம் வரவில்லை. வெளியே வந்ததும் முக்காட்டு நுனியில் ரத்தத்தைத் துப்பினாள்.

"யாருக்குக்கா இந்த வேஷம்? பச்சை குத்தின கிழவியே மண்ணாப் போயிட்டா."

"நானும் மண்ணுக்குள்ள போறவதானே. அங்க எதுக்குடி பல்லு?" என்றாள். முக்காட்டு நுனியை மடித்துச் செருகிக்கொண்டாள். "பச்சை குத்தின அன்னைக்கு என் அம்மா, 'எம்பொண்ணுக்கு வலியே தெரியாது'ன்னு தெருவெல்லாம் ஆடினா. அதுக்கப்புறம் வலிக்குதுன்னு சொல்ல எனக்கு வாயே வந்ததில்லை. பிள்ளை பெத்தப்பவும் வலிக்கலைன்னேன். புருஷன் உன்னைக் கூட்டிட்டு வந்தப்பவும் வலிக்கலைன்னேன்."

எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

சாயங்காலம் ஸ்பெயினிலிருந்து அவள் மகன் பாபக்கர் கூப்பிட்டான். வீடு கட்டச் சேர்த்துவைத்த காசு அவனிடம் இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். டாக்டரம்மா சொன்ன வைத்தியத்தையும் செலவையும் சொல்லிவிட்டுப் போனை அவளிடம் கொடுத்தேன்.

"அனுப்பிடறேன்மா, அது பெரிசில்லை. வலிக்குதா, அதை மட்டும் சொல்லு."

பெந்தா வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். அந்த ஒரு சொல் வரவே இல்லை. அவன், "அம்மா, அம்மா," என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

போனை என் மடியில் போட்டாள்.

"நீ சொல்லுடி, நாபு. உனக்குத்தான் அழ வரும்."

எடுத்துக் காதில் வைத்தேன்.

"சின்னம்மா பேசறேன்டா. உங்கம்மாவுக்கு வலிக்குது. ரொம்ப காலமா வலிக்குது."

அவள் மறுக்கவில்லை.