புளியங்கட்டையின் எடை

கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சிக்கு வரும்வரை நான் விறகை விலைக்கு வாங்கியதே இல்லை. களமருதூரில் எங்கள் வீட்டு அடுப்புக்குப் பருத்திமாரும் கருவேலங்கட்டையும் எங்கள் நிலத்திலிருந்தே வந்தன. அது காய்ந்திருக்கிறதா, ஈரமா என்றெல்லாம் யோசித்ததாக ஞாபகமில்லை. இங்கே நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் ஒரே ஒரு மண் அடுப்பு. சமையலறை ஜன்னல் ஒரு முறம் அகலம்கூட இருக்காது. என் கணவருக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. கொஞ்சம் புகை வந்தாலும் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

தெருமுனையில் ஒரு பாய் விறகுக்கடை வைத்திருந்தார். கல்வராயன் மலைப் பக்கமிருந்து லாரியில் விறகு வரும். நல்ல விறகா என்று கேட்டால் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டுவார். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும். ஈரக்கட்டை தொப்பென்று வாய்மூடிக்கொள்ளும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் வாங்குவேன்.

எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி பிறந்த வாரம், இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது. சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. சங்கராபுரத்தில் ஆபீஸ் வேலை பார்த்த என் கணவர் மூன்றாம் நாள் சைக்கிளில் வந்து சேர்ந்தார். வழியில் கிடந்த மரங்களின் மேல் சைக்கிளைத் தூக்கித் தூக்கி இறக்கியதில் சட்டையெல்லாம் புளிய இலை. அங்கங்கே துப்பாக்கிச் சூடு என்று கேள்விப்பட்டதைச் சொன்னார்.

பாய் கடையில் விறகு தீர்ந்துபோயிருந்தது. அந்த வாரக் கடைசியில் மாட்டுவண்டிக்காரர் ஒருவர் தெருவில் விறகு விற்றுக்கொண்டு வந்தார். வேறு வழியில்லாமல் வாங்கினேன். பச்சைப் புளியங்கட்டை. அடுப்பில் வைத்தால் ஒரு முனை எரிய, மறுமுனையில் நுரை நுரையாகத் தண்ணீர் கொப்பளித்தது. வீடு முழுக்கப் புகை. என் கணவர் அன்று ராத்திரிச் சாப்பாட்டையே வாசலில்தான் சாப்பிட்டார்.

எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. இவ்வளவு தண்ணீர் இந்தக் கட்டைக்குள் எங்கே இருந்தது? எல்லாம் போக எத்தனை நாள் ஆகும்? மறுநாள் ஒரே பருமனில் இரண்டு கட்டைகளைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்றைப் பட்டையோடு அப்படியே வைத்துக்கொண்டேன். இன்னொன்றை என் கணவர் நாலாகப் பிளந்து கட்டிக் கொடுத்தார். சிவப்பு மையால் முழுசுக்கு ‘அ’ என்றும் பிளந்ததற்கு ‘ஆ’ என்றும் எழுதினேன். இரண்டையும் தூக்கிக்கொண்டு பாய் கடைக்குப் போனேன்.

“பாய், இத கொஞ்சம் நிறுத்துக் குடுங்க.”

“விக்கப் போறியாம்மா?”

“இல்ல. காயக் காய எவ்ளோ எடை கொறையுதுன்னு பாக்கணும்.”

அவர் என்னையும் கட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். “முப்பது வருசமா வெறகு நிறுக்கறேன். ஒரே கட்டைய ரெண்டு தடவ நிறுத்தது இல்லம்மா. வருது, போய்க்கினே இருக்குது.” சொல்லிக்கொண்டே தராசில் வைத்துவிட்டார். அவருக்கும் தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அதன்பிறகு திங்கட்கிழமைதோறும் போனேன். ஒரு நோட்டில் எடையை எழுதிவைத்தேன். முதல் இரண்டு வாரம் இரண்டுமே இறங்கின. ‘ஆ’ கடகடவென்று இறங்கியது. ‘அ’ ஏதோ மனசில்லாமல் இறங்குவதுபோல் இறங்கியது.

மறியல் முடிந்தபின் சாலை மரங்கள் எங்கே போயின என்று போலீஸ் விசாரித்துக்கொண்டிருந்தது. ஒரு காலையில் எங்கள் தெருவுக்கும் ஒரு கான்ஸ்டபிள் வந்தார். பின்கட்டுத் தாழ்வாரத்தில் என் கட்டைகளைப் பார்த்துவிட்டார்.

“இன்னாம்மா இது, பச்சப் புளி? ஏது?”

“வண்டில வந்துது, வாங்கினேங்க.”

“மேல இன்னா எழுத்து? சிவப்புல எழுதி வெச்சிருக்கீங்க?”

எடை பார்ப்பதற்கு என்றேன். அவர் நம்பவில்லை. நோட்டை எடுத்துக் காட்டினேன். அது நிலைமையை மோசமாக்கியது. தேதி, அ, ஆ, பக்கத்தில் எண்கள். அவர் ஒவ்வொரு வரியாக விரல்வைத்துப் படித்தார். கணவர் ஆபீசுக்குப் போயிருந்தார்.

“விறகுக்கடை பாயைக் கேளுங்க” என்றேன்.

இரண்டு கட்டைகளையும் அவரே தூக்கிக்கொண்டு நடந்தார். நான் நோட்டோடு பின்னால் போனேன். தெருவே பார்த்தது. பாய் எங்களைக் கண்டதும், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, “இன்னாம்மா, திங்கக்கெழமதான வருவே? இன்னிக்கி புதன் ஆச்சே!” என்றார்.

அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. கான்ஸ்டபிள் கட்டைகளைத் தராசுத் தட்டில் இறக்கினார். முகம் இளகிவிட்டது. “சரி, வந்தது வந்துட்டோம். நிறுங்க பாய், பாக்கலாம்” என்றார். ‘ஆ’ மறுபடியும் குறைந்திருந்தது. அவர் தலையை ஆட்டினார். “எங்க வூட்லயும் ரெண்டு வாரமா இதே பச்சக் கட்டதான், ஒரே பொக. பொண்டாட்டி கண்ணு செவந்துக்கினு கெடக்குது” என்று சொல்லிவிட்டுப் போனார். விசாரணை பற்றி அப்புறம் யாரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

ஐப்பசி மழையில் எனக்குப் பெரிய குழப்பம் வந்தது. மலைப் பக்கம் கறுத்து, நாலைந்து நாள் விடாமல் பெய்தது. கட்டைகள் கூரைக்குக் கீழே, ஒரு துளி படாத இடத்தில் இருந்தன. ஆனாலும் அந்தத் திங்கட்கிழமை ‘ஆ’வின் எடை கூடியிருந்தது. பாய் எடைக்கல்லை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். “தண்ணி ஊத்தினியாம்மா?” என்றார். இல்லை என்றேன். இரண்டு பேரும் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றோம். காற்றிலிருக்கிற ஈரத்தையே அது குடித்திருக்கிறது என்று பிடிபட எனக்கு இரண்டு நாள் ஆனது. வீட்டில் உப்பு ஜாடி கசிந்திருந்ததைப் பார்த்தபோதுதான் தோன்றியது.

“அப்போ காஞ்ச கட்டையும் சும்மா இருக்காதுன்ற” என்றார் பாய். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “இன்னோரு வெசயம் கேளும்மா. காயக் காய எனக்கு எடை கம்மி ஆவுது, ஒனக்கு நெருப்பு ஜாஸ்தி ஆவுது. எடை போட்டு விக்கறவன் எப்படிக் காய வெப்பான்?”

அதற்கு அவரே ஒரு வழி வைத்திருந்தார். காய்ந்ததைத் தனியாக அடுக்கிக் கொஞ்சம் கூடுதல் விலைக்கு விற்கலாம், கேட்கிறவர்கள் கேட்கட்டும் என்றார். “மொதல்ல வாங்கறது நாந்தான்” என்றேன்.

தை மாதம் ‘ஆ’ இறங்குவதை நிறுத்திவிட்டது. மூன்று திங்கட்கிழமை ஒரே எடை. ‘அ’ இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. பாய் பொறுமையிழந்து அதைக் கோடாலியால் பிளந்தார். வெளியே வெடித்துக் காய்ந்து கிடந்த கட்டை உள்ளே இன்னும் குளிர்ச்சியாக இருந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பட்டைதான் இத்தனை மாதமும் மூடியைப்போல இருந்து தண்ணீரை உள்ளேயே வைத்திருந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் ‘ஆ’வை அடுப்பில் வைத்தேன். ஒரு தீக்குச்சி, கொஞ்சம் தென்னம்பாளை. உடனே பற்றியது. சோறு வெந்து வடிக்கிறவரை என் கணவர் சமையலறையிலேயே பலகை போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். அந்த வீட்டுக்கு வந்தபின் அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

மறுநாள் கடைக்குப் போனபோது பாய் லாரியில் வந்த கட்டைகளை அடுக்குவதற்கு முன்பே பிளந்துகொண்டிருந்தார். வியர்வையைத் துடைத்தபடி, “எப்படி எரிஞ்சுது?” என்று கேட்டார். சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, பின்னால் கைநீட்டி ஒரு கட்டையை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

“இது வேம்பு. இது எப்டி காயுதுன்னு பாக்கலாமா? நோட்டு கொண்ணாந்திருக்கியா?”