கண்ணை மூடினால் வராத முகம்

என் அக்கா மார்கரெட் கண்ணை மூடினால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாருக்கும் அப்படித்தானே என்று கேட்காதீர்கள். நான் கண்ணை மூடி எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியாரை நினைத்தால் போதும், பிரம்போடு வந்து நின்றுவிடுவார். பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருடமாகியும் வருகிறார். அக்காவுக்கு யாருமே வரமாட்டார்கள். செத்துப்போன அம்மா வரமாட்டாள், நான் வரமாட்டேன், அவளைக் கட்டிக்கொண்ட ஆசீர்வாதம் மாமாவும் வரமாட்டார். வெறும் இருட்டுதான்.

இதைக் கண்டுபிடித்தவன் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் உபதேசியார், "கண்களை மூடுங்கள், மாட்டுத்தொழுவத்தில் பாலன் படுத்திருப்பதைப் பாருங்கள்" என்றார். அந்த நேரத்தில் நான் கண்ணை மூடுவது வழக்கமில்லை. முன்னால் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரின் முந்தானைகளைச் சேர்த்து முடிச்சுப் போட அதைவிட நல்ல நேரம் கிடையாது. அன்றைக்கு இன்னொருத்தியும் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். அக்கா.

வழியில் மிரட்டினேன். "உபதேசியாராண்ட சொல்லிடுவேன்."

"சொல்லேன். மூடினா மட்டும் இன்னா தெரியப் போவுது? அவரு சும்மா பேச்சுக்குச் சொல்றாரு."

"பேச்சுக்கு இல்லக்கா. நெசமாவே தெரியும். வைக்கோல்கூடத் தெரியும்."

அக்கா நின்றுவிட்டாள். "நெசமாவா?" என்று மூன்று தடவை கேட்டாள். பிறகு கேட்டாள்: "உனுக்கு அம்மா தெரியுதா?"

"தெரியுது."

"இன்னா பண்ணிக்கினு இருக்காங்க?"

"மொறத்துல பொடச்சிக்கினு இருக்கு. ஒன்னத் திட்டிக்கினு இருக்கு."

சிரித்தாள். வீடு வருவதற்குள் இரண்டு தடவை நின்று கண்ணை மூடிப் பார்த்தாள்.

அக்கா கச்சிராயபாளையத்தில் ரவிக்கை தைக்கிறாள்; நானும் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். அவளிடம் யாரும் அளவு ரவிக்கை கொண்டுபோக வேண்டியதில்லை. ஒரு தடவை டேப்பை வைத்து எடுத்தால் அந்த எண் அவளுக்குச் சாகும்வரை மறக்காது. "சின்னப்பொண்ணு அக்காவா, தோள் பதினாலு, கை எட்டரை" என்பாள். சின்னப்பொண்ணு அக்காவின் முகம் எப்படி இருக்கும் என்றால் முழிப்பாள். நேரில் வந்து நின்றால் சட்டென்று கண்டுகொள்வாள். படி இறங்கியதும் முகம் போய்விடும், எண் மட்டும் இருக்கும்.

எப்படியாவது வரவழைத்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதற்கு வாத்தியார் நான். மெழுகுவத்தியை ஏற்றி, நூறு எண்ணும்வரை பார், அப்புறம் மூடு என்பேன்.

"இன்னா தெரியுது?"

"பச்சையா ஒரு பொட்டு."

"அது கண்ணு கூசறது. மெழுகுவத்தி தெரியுதா?"

"இல்லடா."

வெறும் வயிற்றில் பச்சை வெண்டைக்காய் ஐந்து தின்ன வேண்டும், ஒற்றைக் காலில் நின்று தின்ன வேண்டும் என்றேன். பதினாலு நாள் நின்று தின்றாள். நான் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பதினைந்தாம் நாள் மாமா கூழ் குடித்துக்கொண்டிருந்தார். அக்கா எதிரில் உட்கார்ந்து அவரைப் பார்ப்பதும் கண்ணை இறுக்கி மூடுவதும் மறுபடி பார்ப்பதுமாக இருந்தாள். "நெத்தி. புருவம். மூக்கு" என்று உதடு முணுமுணுத்தது.

"இன்னாமே, என்னப் பாத்தா கண்ணு கூசுதா?" என்றார் மாமா.

அன்றைக்கு வெண்டைக்காயை நிறுத்தச் சொன்னேன். உடம்புக்கு ஆகாது என்று காரணம் சொன்னேன்.

மாமாவின் போட்டோ ஒன்று வீட்டில் இருந்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை. கல்யாணத்தில் எடுத்தார்கள். போட்டோக்காரர் பந்தியில் உட்கார்ந்த நேரம், உள்ளே அக்கா எப்படி இருக்கிறாள் என்று பார்க்க நான் கேமராவின் முதுகைத் திறந்தேன். முழுச் சுருளும் வெளுத்துப் போனது. எல்லாரும் அடிக்க வந்தார்கள், அக்கா மட்டும் "போனா போவுது, ஆளுதான் கூட இருக்காரே" என்றாள்.

அந்த ஆள் புரட்டாசி பிறந்த அன்று வீடு திரும்பவில்லை.

போன வருடம் அது, எண்பத்தேழு. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்திருந்தார்கள். போராட்டம் எங்கள் ஆட்களுடையது இல்லை. இருந்தாலும் ரோடு எல்லாருக்கும் பொதுவாயிற்றே. புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, பால் வண்டி இல்லை. மாமாவுக்குத் தொழிலோ மரம் அறுப்பது. கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒருவர் கொல்லையில் பட்டுப்போன வேம்பை அறுத்துவிட்டு, சைக்கிள் கேரியரில் கோடாலியும் ரம்பமும் கட்டி, சட்டையெல்லாம் மரத்தூளோடு வந்துகொண்டிருந்தார். அந்த வாரத்தில் அப்படி ஒருத்தர் ரோட்டில் வந்தால் போலீஸ் ஜீப் என்ன பண்ணும்? ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

மூன்றாம் நாள்தான் சேதி வந்தது. டவுனுக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்தில் நூற்றுக்கணக்கானவர்களை அடைத்து வைத்திருக்கிறார்கள், அதில் மாமாவும் இருக்கிறார் என்று, விடுதலையாகி வந்த எங்கள் தெரு ராசு சொன்னார். போலீஸ் ஸ்டேஷனுக்கு மனு கொடுக்கப் போனோம். ரைட்டர் பேனாவைத் தூக்கினார்.

"அங்க அடையாளம் ரெண்டு சொல்லும்மா. மொகத்துல இன்னா இருக்கு?"

முகம் என்ற சொல் காதில் விழுந்ததும் அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் கண்ணை மூடிப் பார்த்தேன். மாமா முழுசாக வந்தார், துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி, ஒரு புள்ளி கிடையாது. ரைட்டர் பேனாவால் மேசையைத் தட்டினார். என் பள்ளிக்கூட டி.சி.யில் ‘வலது முழங்கையில் மச்சம்’ என்று இருக்கிறது. தலைமையாசிரியர் என்னை நிமிர்ந்து பார்க்காமலே எழுதியது. அப்படி ஒரு மச்சம் எனக்கு இல்லை, இதுவரை யாரும் சட்டையைத் தூக்கிப் பார்த்ததும் இல்லை. அந்த தைரியத்தில் சொன்னேன்: "எடது கன்னத்துல மச்சம் சார். மோவாயில வெட்டுத் தழும்பு." எழுதிக்கொண்டார்.

ஆறாம் நாள் காலையில் மண்டபத்துக்கு வரச் சொன்னார்கள். கேட்டில் இரண்டு வேன்கள் நின்றன. மத்தியானத்துக்குள் வெளியே எடுக்காதவர்களைக் கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். அங்கே போனால் எத்தனை மாதம் என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கா கழுத்தில் டேப் தொங்கியது. தைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்துவிட்டாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஆறு நாளாச்சு. நேர்ல நின்னாகூட எனுக்குத் தெரியாம போயிட்டா இன்னாடா பண்றது?" என்றாள்.

"அதெல்லாம் தெரியும். பேசாம வா."

முன்கூடத்து மேசையில் இன்ஸ்பெக்டர் ஒரு நோட்டைப் புரட்டினார். "ஆசீர்வாதம்னு ஒருத்தன் இருக்கான். மச்சமும் இல்ல, தழும்பும் இல்ல. பாதிப் பேரு பொய்ப் பேரு குடுத்திருக்கானுங்க. எவனோ உன் புருசன் பேரச் சொல்லிக்கினு உக்காந்திருக்கான். உன் ஆளு இங்க இல்லம்மா. பெரியாஸ்பத்திரியில அடையாளம் தெரியாம ரெண்டு பொணம் கெடக்குது, அங்க போய்ப் பாரு."

அக்காவின் பிடி என் எலும்பு வரை இறங்கியது.

"சார், மச்சம் நான் சொன்னது. பொய்."

அறை விழுந்ததும் ஒரு காதில் வண்டு பறந்தது. "எதுக்குடா சொன்ன?"

"ரெண்டு கேட்டாரு சார். மாமாவுக்கு ஒண்ணுகூட இல்ல."

பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"ஒரு தடவ காட்டுங்க சார். பாத்தா சொல்லிடுவேன்" என்றாள் அக்கா.

"காட்டினா எல்லாரும்தான் சொல்லுவீங்க. முந்தாநாளு ஒருத்தி எவ புருசனையோ கூட்டிக்கினு போயிட்டா. பாக்காம சொல்லு. மொகம் எப்பிடி இருக்கும்?"

அக்கா டேப்பின் நுனியை விரலில் சுற்றினாள். இன்ஸ்பெக்டர் குரலைத் தணித்தார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "பதறாத. கண்ண மூடி நெனச்சுப் பாரு. வரும்."

கண்ணை மூடினாள். அங்கே என்ன இருக்கிறது என்று அந்த மண்டபத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். நெற்றி, புருவம், மூக்கு என்று உதடு அசைந்தது. வெளியே ஒரு வேனில் இன்ஜினைக் கிளப்பினார்கள்.

"வரலீங்க."

"இன்னா வரல?"

"மொகம் வரலீங்க. எனுக்கு எப்பவுமே வராதுங்க."

"கல்யாணம் ஆயி எத்தினி வருசம்?"

"நாலுங்க."

"நாலு வருசம் பாத்த புருசன் மொகம் வராதா?"

பின்னால் நின்ற ஒரு பெண், "இவ எவன் பொண்டாட்டியோ, யார கூட்டிக்கினு போக வந்தாளோ" என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். "அடுத்த ஆளு."

அக்கா நகரவில்லை. கழுத்திலிருந்த டேப்பை உருவி மேசைமேல் வைத்தாள்.

"அளவு சொல்லட்டுங்களா?"

"இன்னா?"

"கழுத்து பதினாலரை. தோள் பதினேழு. வலது கை புஜத்துச் சுத்து பன்னெண்டரை, எடது பதினொண்ணரை, ரம்பம் இழுக்கற கையி. எடது தோளு அரை இஞ்சு எறக்கம். அவரு சட்டைக்கு எடது பக்கம் அரை இஞ்சு எறக்கித்தான் வெட்டுவேன். இல்லன்னா காலர் கோணிக்கும். இடுப்பு முப்பது." மூச்சு விடாமல் சொன்னாள். "அளந்து பாருங்க சார். ஒண்ணு தப்பா இருந்தாலும் நான் போயிடறேன்."

மாமாவின் தோள் இறங்கியிருப்பது எனக்குத் தெரியாது. இரண்டு வருடம் அவர் வீட்டுச் சோற்றைத் தின்றவன், நினைத்த நேரத்தில் அவரைக் கண்ணுக்குள் நிறுத்துகிறவன், நான் பார்த்ததில்லை.

இன்ஸ்பெக்டர் டேப்பைப் போலீஸ்காரரிடம் எறிந்தார். "போயி அளந்து சத்தமா சொல்லுய்யா."

உள்ளே ஏதோ முணுமுணுப்பு. பிறகு போலீஸ்காரரின் குரல்.

"கழுத்து... பதினாலரை!"

"தோளு பதினேழு!"

"வலது கை பன்னெண்டரை! எடது... பதினொண்ணரை! சார், இவன் எடது தோளு நெசமாவே எறங்கித்தான் கெடக்குது."

வரிசையில் இருந்தவர்கள் கேட்டை விட்டு மேசைப் பக்கம் நெருங்கினார்கள். அந்தப் பெண்கூட.

"இடுப்பு இருவத்தெட்டு!"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "நீ முப்பதுன்ன."

அக்காவின் குரல் மாறவில்லை. "ஆறு நாளு இன்னா சோறு போட்டீங்க சார்?"

இன்னொரு அறை வரும், அது அவளுக்கு வரும் என்று நான் குறுக்கே ஓர் அடி வைத்தேன். இன்ஸ்பெக்டர் கதவுப் பக்கம் திரும்பிக் கத்தினார்: "நாலு பேர வெளிய கொண்டாய்யா. அவனையும் சேத்து."

நாலு பேர் வந்து நின்றார்கள். நாலு பேருக்கும் ஆறு நாள் தாடி, நாலு பேரும் ஒரே அழுக்கு. ஒருத்தருக்கு ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. நான் மாமாவைத் தேடினேன். நான் கண்ணுக்குள் வைத்திருந்த மாமா, மழுமழுவென்று சவரம் செய்த சிரித்த மூஞ்சிக்காரர், அந்த நாலு பேரில் இல்லை. தொலைந்தோம் என்று அக்காவைப் பார்க்கத் திரும்பினேன். பக்கத்தில் அவள் இல்லை. கண் வீங்கியவரின் முன்னால் போய் நின்று, அவருடைய சட்டையில் அறுந்து தொங்கிய பொத்தானை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே, எப்பிடி வந்த? பஸ்ஸே ஓடலயே" என்றார் மாமா. அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் எனக்கு அவரைத் தெரிந்தது.

கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். கோடாலியையும் ரம்பத்தையும் சைக்கிளையும் தரவில்லை. மாமா கேட்கப் போனார், நான் இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ் இல்லாததால் நடந்தோம். வெட்டிச் சாய்த்த மரங்களை ஓரமாகத் தள்ளியிருந்தார்களே தவிர, கிளையும் கல்லும் ரோடெல்லாம் கிடந்தன. அக்கா ரோட்டைப் பார்க்கவே இல்லை. மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தாள், நண்டு நடக்கிற மாதிரி. ஒரு தடவை நின்று கண்ணை மூடினாள். திறந்தாள்.

"இன்னா?" என்றார் மாமா.

"போயிடுச்சு" என்றாள், மறுபடியும் அவரைப் பார்த்துக்கொண்டு.

"இன்னா போயிடுச்சு?"

"ஒண்ணுமில்ல. நீ நட."

பத்தடி போவதற்குள் ஒரு கிளை தடுக்கி விழப்பார்த்தாள். வழக்கமாக நான் இதற்கெல்லாம் சிரிக்கிறவன். அன்றைக்கு முன்னால் ஓடி, கிளைகளைக் காலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டே போனேன்.

"எக்கா, கல்லு. எக்கா, வலது பக்கம் பள்ளம்."

"ம்" என்றாள், திரும்பாமல். கச்சிராயபாளையம் வரை எனக்கு அதே வேலைதான்.