மாப்பிள்ளையை மலை ஏற்றிய கதை

எங்கள் கோட்டைக்குப்பத்துக்காரர்களுக்கு ஏற்றம் என்றால் பழவேற்காடு பாலம்தான். அதில் சைக்கிளை மிதித்து ஏறிவிட்டு, ஏதோ சாதித்துவிட்ட மாதிரி இறங்குவோம். அப்படிப்பட்ட ஆட்களை ஏலகிரிக்கு சைக்கிளோடு கூட்டிப்போனவன் நான். படகு இன்ஜின் மெக்கானிக்கிடம் கிடந்த வாரம் அது. சும்மா கிடப்பதற்கு ஒரு டூர் போய் வரலாம் என்று படகில் வரும் மூன்று பேரிடமும் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. அவர்களில் ஒருவரான என் தங்கை புருஷனைப் படகிலிருந்து இறக்க வேண்டியிருந்தது.

படகு என்னுடையது. அவர் பல வருஷமாக அதில் வலை இழுக்கிறவர். கொஞ்ச காலமாக அவருக்கு மூச்சு வாங்கியது. என் மனைவியின் தம்பி வேறு வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தான். தட்டில் சோறு விழும்போதெல்லாம் கூடவே அவனைப் படகில் சேர்க்கச் சொல்லும் பேச்சும் விழும். தங்கை முகத்தைப் பார்த்து, உன் புருஷன் இனி வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் எங்கள் படகுகளில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வலை ஏறி முடிவதற்குள் கயிற்றை விட்டு உட்கார்ந்தவனுக்கு அந்தப் படகு அதோடு சரி. யாரும் வாய் திறக்க வேண்டாம், அவனே துண்டை உதறிப் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவான். மாப்பிள்ளை கடலில் ஒருநாளும் கயிற்றை விட்டதில்லை. இருமிக்கொண்டே இழுப்பார். அதனால்தான் மலை.

அடிவாரத்தில் விளையாட்டுப் போலச் சொன்னேன்.

"வலை மாதிரிதான் மாப்ள. மேல போய்ச் சேர்றதுக்குள்ள ஒக்காந்தவன் கயிற வுட்டவன்."

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி மச்சான்" என்றார்.

முதல் கொண்டை ஊசி வளைவுக்குள்ளேயே எல்லோரும் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டோம். அதற்குமேல் தள்ளிக்கொண்டு நடைதான். கீழே இருந்து வரும் பஸ் ஹாரன் அடித்தால் சுவரோரம் ஒதுங்கி நிற்போம். அந்த நேரத்தில் மட்டும் அவருக்கு மூச்சு விடக் கிடைத்தது. நான் அவருக்குப் பத்தடி முன்னால் நடந்தேன். அவர் நெருங்கி வந்தால் காலை எட்டிப் போட்டேன். அவருடைய ரப்பர் செருப்பு தாரில் வழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பரிதாபமாக இருந்ததா என்றால், இல்லை. உற்சாகமாக இருந்தது.

"இன்னா மச்சான், இந்த ரோடு முடியவே முடியாதா?" என்று ஏழாவது வளைவில் கேட்டார்.

"இப்பதான் பாதி வந்துகிறோம்" என்றேன்.

ஒன்பதாவது வளைவில் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். சைக்கிளைப் பத்திரமாகச் சுவரில் சாய்த்துவிட்டு, கீழே உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. மற்ற இருவரில் ஒருவன் தண்ணீர் பாட்டிலோடு அவர் பக்கம் போகப் பார்த்தான்.

"அவரு வருவாரு. நீ நட" என்றேன். அவனும் நடந்தான். படகு யாருடையது என்று அவனுக்குத் தெரியும்.

மேலே கடையில் சூடாக மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தோம். வெகுநேரம் கழித்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். மூச்சு அடங்கும்வரை நின்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி அவராகவே சொன்னார்.

"ஒக்காந்துட்டேன் மச்சான். என் எடத்த யாருக்குனா குடுத்துரு."

சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "சரி மாப்ள" என்றேன். அவருக்கும் ஒரு டீ சொன்னேன். குடித்து முடித்துவிட்டு, டீ நன்றாக இருக்கிறது என்றார்.

ஊர் திரும்பிய மறுநாள் காலையில் தங்கை வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"அண்ணி தம்பிக்கு எடம் வோணும்னா கேட்டிருந்தா குடுத்திருப்பாரே. அதுக்கு எதுக்குண்ணா மூச்சு முட்டுற மனுஷன மலை மேல ஏத்துன?"

கேட்டிருந்தால் கொடுத்திருப்பார் என்று எனக்கும் தெரியும். கொடுத்திருந்தால் அவர் பெரிய மனுஷன் ஆகியிருப்பார். அவரை அப்படிப் பார்த்துக்கொண்டு ஒரே தெருவில் நடமாட என்னால் முடியாது என்றுதான் ஏலகிரி வரைக்கும் போனேன்.