கடைசிச் சுற்றில் ஷாமிலா

யூலியானாவுக்குப் பேஸ்பால் பைத்தியம் என்று டென்மார்க்கில், இந்தக் கோல்டிங் நகரில் எங்கள் தமிழ் ஆட்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். முதியோர் இல்லத்தில் என்னோடு மாடாய் உழைக்கிறவள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு மடக்குக் கதிரையும் தேத்தண்ணியுமாக மைதானத்துக்குப் போனால் யாருக்கு என்ன நட்டம்?

அவளுடைய மகள் ஷாமிலா அங்கே பந்து எறிகிறாள். தொடக்கத்தில் அல்ல. முதலில் எறிகிறவர் களைத்துத் தடுமாறும்போது அவரை எடுத்துவிட்டு இவளை இறக்குவார்கள். யூலியானாவின் தமையன் அல்பேட்டுக்கு அதுதான் பொறுக்காது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த மனிதர். நல்ல பந்துவீச்சாளருக்குத்தான் புதுப்பந்து, பிந்திக் கூப்பிடுகிற ஆள் மிச்சம் மீதி என்பது அவர் கணக்கு.

"பிள்ளையை ஏன் விளையாட விடாமல் வாங்கில இருத்தி வைச்சிருக்கிறாங்கள்?" என்று கலியாண வீடுகளில்கூடக் கேட்டுத் தங்கச்சியின் மானத்தை வாங்குவார்.

யூலியானா வாய் திறக்கமாட்டாள். நிரந்தர வேலை கிடைக்கும்வரை அவளும் அதைத்தான் செய்தாள். டெனிஷில் விக்கார் என்பார்கள், வராதவருக்குப் பதில் ஆள். யாராவது சுகமில்லை என்று வேலைக்கு வராவிட்டால் இவளுக்குப் போன் வரும். விழுந்தடித்துப் போய்ப் பார்த்தால் பாதிப் பேருக்குக் காலைச் சாப்பாடே கொடுபட்டிருக்காது. அழைப்பு மணிகள் அடித்துக்கொண்டிருக்கும். யாரோ ஒரு அம்மாவின் மகன் கோபத்தோடு வாசலில் நிற்பார். முதல் ஆள் விட்ட குறைக்கு ஏச்சு வாங்குவது இவள். அங்கே நானும் நின்றிருக்கிறேன், எனக்குத் தெரியும். ஒருவரும் அவளுக்குக் கைதட்டியதில்லை.

போன ஆட்டத்தில் ஷாமிலா உள்ளே போய்த் தோல்வியோடு திரும்பினாள். "இன்னொருக்கா இப்பிடி நடந்தா நான் விட்டிடுவன், அம்மா" என்று சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்தினாள். சொன்னால் செய்கிற பிள்ளை. இந்த ஞாயிறு யூலியானா அந்தப் பயத்தோடுதான் வந்து உட்கார்ந்தாள். ஒரு பக்கம் நான், மறுபக்கம் அல்பேட்.

மத்தியாஸ் என்கிற பையன் அருமையாக எறிந்தான். கடைசிச் சுற்றில் கை சோர்ந்துவிட்டது. நாங்கள் இரண்டு ரன் முன்னால். ஆனால் ஓடி நிற்கிற மூன்று தளத்திலும் எதிரணி ஆட்கள், ஒருவர்கூட அவுட் இல்லை. மூன்று பேரை அவுட் ஆக்கினால்தான் ஆட்டம் முடியும். பயிற்சியாளர் ஹென்னிங் நடந்து போய் மத்தியாஸின் தோளில் தட்டினார். பிறகு ஷாமிலாவைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"இந்த நேரத்திலயோ? பலியாடு மாதிரி!" என்றார் அல்பேட்.

யூலியானா என் கையைப் பிடித்தாள்.

முதல் ஆள் அடித்த பந்து தரையில் உருண்டது. அதைப் பொறுக்கி எறிந்ததில் அவன் அவுட். ஆனால் மூன்றாம் தளத்தில் நின்றவன் அதற்குள் ஓடி வந்து ஒரு ரன் எடுத்துவிட்டான்.

"போச்சு. குடுத்திட்டாள்," என்றார் அல்பேட்.

யூலியானா சடாரென்று திரும்பினாள். தமையனை அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. "அண்ணை, அவனை அங்க ஏத்தி விட்டது மத்தியாஸ். அந்த ரன் மத்தியாஸின்ர கணக்கு. என்ர பிள்ளையில போடாதேங்கோ."

அடுத்தவனை ஷாமிலா மூன்று பந்தில் அனுப்பினாள். கடைசி ஆள் விடாக்கண்டன். நல்ல பந்துகளைத் தட்டித் தட்டி விட்டான், கெட்டதைத் தொடவேயில்லை. இன்னும் ஒன்றை அவன் தவறவிட்டால் ஆட்டம் எங்களுக்கு என்ற நிலை வந்தது. ஷாமிலா தொப்பியைச் சரிசெய்தாள், மூச்சு விட்டாள், வேகத்தை விட்டுவிட்டு மெதுவாக ஒன்றை எறிந்தாள். அவன் அவசரப்பட்டு மட்டையைச் சுழற்றினான். பந்து பிறகுதான் வந்து சேர்ந்தது. மூன்றாவது அவுட், வென்றுவிட்டோம்.

கதிரை ஒருபக்கம், தேத்தண்ணி ஒருபக்கம். "அது என்ர பிள்ளை!" என்று யூலியானா தமிழில் கத்திய கத்தலில் டெனிஷ்காரர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெறாத எனக்கே பெருமை தாங்கவில்லை. பெற்றவளுக்குக் கேட்கவா வேண்டும்?

ஹென்னிங் ஆட்டப் பந்தை மத்தியாஸின் கையில் கொடுத்தார். முன்னிலையில் விட்டுப்போனவன் அவன், அதனால் வெற்றி அவன் பெயரில்தான் பதியும் என்று நான் சொன்னதும் அல்பேட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "பாத்தியளோ! இவள் உழைக்க அவனுக்குப் பேரோ?"

"வெண்டது அவன்தான், அண்ணை. காப்பாத்தினது என்ர பிள்ளை," என்றாள் யூலியானா. "காப்பாத்தினதுக்கும் இந்த விளையாட்டில தனியா ஒரு கணக்கு எழுதுவினம். எங்கட வேலையிலதான் எழுதுறேல்லை."

அல்பேட் குனிந்து தங்கச்சியின் கதிரையை நிமிர்த்தி வைத்தார்.

ஷாமிலா முழங்காலெல்லாம் மண்ணோடு எங்களிடம் வந்தாள். தாய் கத்தியதற்கு ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன்.

"அம்மா, அடுத்த ஞாயிறு ஓடென்ஸவில ஆட்டம்," என்றாள். "வெள்ளன வெளிக்கிடவேணும்."

அதுவரை அழாத யூலியானா அப்போதுதான் அழுதாள்.