ஓடைக்கு இந்தப் பக்கம் வைத்த கஞ்சி அண்டா

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறுகிற ரோட்டை ஒட்டி, மலை தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஓர் ஓடை உண்டு. அதற்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். விடிந்ததும் ஆணும் பெண்ணும் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போவார்கள். பொழுது சாய இறங்கி வருவார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலத்தில் அந்த ஊருக்குள் காலரா புகுந்தது.

நான் அப்போது போடியில் அரசாங்கப் பால்வாடி டீச்சர். வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர் வாங்கியவள். அந்தப் பெயரைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது.

நோய் கண்டவர்களை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மற்றவர்களுக்கு வீடு வீடாக ஊசி போட்டார்கள். அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் அந்த ஊர் ஆட்கள் மலைக்கு வர வேண்டாம் என்று தோட்டக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஜீப்பு நின்றது. அன்றாடக் கூலியில் அரிசி வாங்குகிற வீடுகளில் ஜீப்பு நின்றால் அடுப்பும் நிற்கும். அதனால் அரசாங்கமே கஞ்சி காய்ச்சி ஊற்றும் என்று உத்தரவு வந்தது. காய்ச்சவும் ஊற்றவும் என்னைப் போட்டார்கள்.

நிவாரண வேலைக்கு வந்த அதிகாரி வெளியூர்க்காரர். சுறுசுறுப்பான மனிதர், குறை சொல்ல மாட்டேன். ஓடைக்கு இந்தப் பக்கம், புளியமரத்தடியில் அண்டாவை வைக்கச் சொன்னார். நிழல் இருந்தது, பக்கத்தில் நல்ல கிணறு இருந்தது, லாரி வந்து நிற்க இடம் இருந்தது. நானும் அடுப்பைப் பற்றவைத்துப் பருப்புப் போட்டுக் கஞ்சி காய்ச்சினேன்.

ஒருவரும் வரவில்லை. அந்தக் கரையில் பெண்கள் கையில் சட்டியோடு வந்தார்கள், நின்றார்கள், அண்டாவையே பார்த்தார்கள், திரும்பிப் போனார்கள். மறுநாளும் அதே கதை. காய்ச்சிய கஞ்சியை மாட்டுக்கு ஊற்றினோம்.

"இவங்களுக்குப் பசி இல்லைம்மா. நாளைக்கும் இப்படித்தான்னா அண்டாவை வேற ஊருக்குக் கொண்டு போயிருவோம்" என்றார் அதிகாரி.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பசி இல்லாதவள் எதற்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள்? ஓடைக்கரை வரை போய், கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தியைக் கூப்பிட்டேன்.

"ஏன் ஆத்தா, வந்து வாங்கிக்கிட்டுப் போறதுக்கு என்ன?"

"காப்புக் கட்டியாச்சு டீச்சர். ஓடையத் தாண்டக் கூடாது" என்றாள். பிள்ளை பிறந்து மாதம்கூட நிரம்பாத பச்சை உடம்புக்காரி. புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். "எனக்குப் பால் வத்திப் போச்சு. இது ராப்பகலா கத்துது. கொஞ்சம் வெரசா ஏதாச்சும் பண்ணுங்க."

அப்போதுதான் அவர்கள் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிறுகளைப் பார்த்தேன். வேனும் ஊசிக்காரர்களும் வந்து போன பிறகு, நோய் இறங்க அம்மனுக்கு வேண்டிக் காப்புக் கட்டியிருக்கிறார்கள். காப்புக் கட்டினால் அதை அவிழ்க்கும்வரை உள்ளே இருப்பவர்கள் எல்லை தாண்டக் கூடாது. வெளியிலிருந்து உள்ளே போனவர்களும் திரும்பி வரக் கூடாது, வெளியே காய்ச்சியதை உள்ளே கொண்டு போகவும் கூடாது. அந்த ஊருக்கு எல்லை அந்த ஓடை. நாங்கள் அண்டாவைச் சரியாக எல்லைக்கு வெளியே வைத்திருந்தோம்.

அதிகாரியிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். வெறும் அரிசியாகக் கொடுக்க உத்தரவு இல்லை. அரசாங்க ஆள்தான் காய்ச்சி ஊற்ற வேண்டும். "காலரா ஊருக்குள்ள போய் அங்கேயே தங்கணும்னா யாரும்மா போவாங்க?"

"நான் போறேன்" என்றேன். "தினமும் அரிசியும் பருப்பும் விறகும் கரையில இறக்கிருங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

வீட்டுக்காரருக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன்: காப்பு அவிழ்ந்ததும் வருகிறேன், உங்களுக்குக் குழம்பு வைக்கத் தெரியாவிட்டால் ஓட்டலில் சாப்பிடுங்கள். பதிலுக்கு ஒரு மாற்றுச் சேலையும் வேப்பங்குச்சியும் வந்தன. கோபமாக இருந்தாலும் விவரமான மனிதர்.

ஓடையைத் தாண்டியதும் கோயில் பூசாரி என் கையிலும் கயிற்றைக் கட்டினார். கோயில் வாசலிலேயே அண்டா ஏறியது. நான் இரண்டே சட்டம் போட்டேன்: வெந்நீர்தான் குடிக்க வேண்டும், கை கழுவாமல் சட்டியை நீட்டினால் கஞ்சி கிடையாது. ஓடைத் தண்ணீரை ஆத்தா காப்பாள் என்று பூசாரி இழுத்தார். "ஆத்தாளுக்கும் வெந்நிதான் வச்சிருக்கேன், குடிச்சுப் பாக்கச் சொல்லுங்க" என்றேன். சிரித்துவிட்டார். அதற்குப்பின் அவரே வாசலில் நின்று எல்லோரையும் கை கழுவ வைத்தார்.

பிள்ளைக்காரிக்கு மட்டும் வேளை பார்க்காமல் ஊற்றினேன். பூண்டு தட்டிப் போட்டுத் தனியாகக் கொடுத்தேன். ஆனால் பிள்ளையின் அழுகை அடங்கவில்லை. படுத்தால் அந்தச் சத்தம்தான் காதில். தாமதமாக வந்துவிட்டோமோ என்று பயந்தேன், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு காலையில் அந்தச் சத்தம் இல்லை. கரண்டியை அண்டாவிலேயே போட்டுவிட்டு ஓடினேன். நிலைப்படியில் கால் இடித்து ரத்தம் வந்தது. உள்ளே அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. கடைவாயில் பால் வழிந்திருந்தது. "இப்பத்தான் டீச்சர், வயிறு நெறையக் குடிச்சுச்சு" என்றாள். நான் அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதேன். அழுததைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

நான் உள்ளே இருந்த நாட்களில் புதிதாக யாருக்கும் நோய் வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தவர்களும் தேறிவிட்டதாகக் கரையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காப்பை அவிழ்த்தார்கள். என்னை வழியனுப்ப அவள் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூடவே வந்தாள். ஓடையைத் தாண்டினோம். புளியமரத்தடியில் பழைய அடுப்புக் கல் மூன்றும் சாம்பலோடு அப்படியே கிடந்தன. அவள் கல்லைப் பார்த்தாள். திரும்பி, அன்று சட்டியோடு தான் நின்ற இடத்தைப் பார்த்தாள்.

"இம்புட்டுத் தூரந்தான் டீச்சர்" என்றாள்.